பதில்

ரப்பர் முத்திரை என் இழுப்பறையில்தான் இருக்கும்.
ஒரே ஒரு சொல் அதில்.
பெயருக்கு முன்னால் குத்த வேண்டும்,
பெயரைத் தொடாமல், ஒரு நூல் இடைவெளி விட்டு.
அலுவலகத்துக்கு அது ஆங்கிலச் சொல்.
நார்த்டேலில் சனிக்கிழமைதோறும் தமிழ் படித்த எனக்கு
அது 'பதில்'.
பதில் முதல்வர்.
யார் கேட்ட கேள்விக்கு என்று
இருபத்திரண்டு வருஷமாக ஒருவரும் சொன்னதில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், லங்கலிபலேலே தெரு, மூன்றாம் மாடி.
மாகாண முதல்வருக்கு ஐந்தும் ஐந்தும் பத்து ஆண்டு;
அதற்குமேல் ஊரே கூடி அழைத்தாலும் வரக்கூடாது.
சட்டம் விரல்விட்டு எண்ணி வைத்துவிட்டது.
பதிலாள்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது.
விமானம் ஏறினால் தொடங்கும்,
இறங்கினால் முடியும்.
ஒருவர் நான்கு மணி நேரம் ஆண்டார்.
அதில் ஒன்றரை மணி மதியச் சாப்பாடு.

அந்த மார்ச்சில் சிபியா அம்மையார் ஜெனீவா போனார்.
ஒன்பது நாள்.
சாலைத்துறை ம்செலேகுவின் பெயரைத் தட்டச்சு செய்தேன்,
குத்தினேன், இடைவெளி சரியாக இருந்தது.
அவர் முதல்வர் நாற்காலியில் உட்காரவில்லை.
வந்தவர் போனவருக்கான நாற்காலியை இழுத்துப் போட்டு
மேசை ஓரமாக உட்கார்ந்தார்,
தண்ணீர் வரி கட்ட வந்தவர் போல.
"அதன் உயரத்தை மாற்றினால் வந்ததும் கண்டுபிடித்துவிடுவார்,
மிஸஸ் படையாச்சி" என்றார்.

ஆறாம் நாள் இரவு டூசி ஆறு ஏறியது.

காலை ஏழு மணிக்குப் பேரிடர் அறிவிப்புத் தாள் மேசையில்.
சட்ட ஆலோசகர் இருமினார்:
மூன்று நாள்தானே, பொறுக்கலாம்,
பொறுப்பு என்றாலே பொறுப்பதுதானே.
(அவர் ஆங்கிலத்தில் வேறு ஏதோ சொன்னார்,
என் காதில் இப்படித்தான் விழுந்தது.)
ஜெனீவாவில் ஒரு தொலைபேசி அடித்தது,
அடித்துக்கொண்டே இருந்தது.
கீழே தெருவில் ஒரு பெண்
தலையில் மெத்தை, மெத்தைமேல் கோழி,
போக இடம் தெரியாமல் நின்றாள்.
ம்செலேகு சன்னலருகே வெகுநேரம் நின்றார்.
பிறகு மேசையைச் சுற்றி வந்து
முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.
கால் தரைக்கு எட்டவில்லை.
கையெழுத்திட்டார்.

அவசரத்தில் என் கை நழுவி
முத்திரை பெயரின் மேலேயே விழுந்துவிட்டது.
படிக்க முடிந்தது.
எது பெயர், எது பதில் என்று
பிரிக்கத்தான் முடியவில்லை.

பள்ளிக்கூடங்கள் திறந்தன. போர்வை வந்தது.
பாலம் வரப் பதினான்கு மாதம் ஆனது, அது வேறு கதை.
அம்மையார் திரும்பி வந்து
நிருபர்களிடம் 'நாங்கள்' என்றார்.
பொய்யில்லை.
பத்தாண்டு முடிந்து அவர் படம் நடைகூடத்தில் ஏறியது,
பித்தளைச் சட்டம், கீழே இரண்டு தேதி.
சுவரில் பதிலாள்களுக்கு ஆணி இல்லை.
ம்செலேகுவைப் பிறகு மீன்வளத்துக்கு மாற்றினார்கள்;
மின்தூக்கியில் பார்த்தால்
"நாற்காலி எப்படி?" என்பார்.

போன வாரம் தணிக்கை அலுவலகத்திலிருந்து கடிதம்:
'பக்கம் நான்கு. முத்திரை பெயரை மறைக்கிறது.
மேற்படி தேதியில் முதல்வராக இருந்தது யார்?'

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் கேள்வி.
கடிதத்தை இரண்டு முறை படித்தேன்,
மூன்றாம் முறை நின்றபடி படித்தேன்.
தேநீர் ஆறிப்போனது.
ஒற்றை வரியில், அவர் பெயரை
முழுப் பெயராகத் தட்டச்சு செய்தேன்.
முன்னால் ஒரு சொல் குத்தியிருக்க வேண்டும்.
மறந்துவிட்டேன்.
மறந்துவிட்டேன் என்றுதான்
கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.